மலையில் சிறு நிலம் வைத்திருப்பவருக்கு அரசு உதவி: எங்கிருந்து தொடங்குவது?

கோத்தகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு எண்பது சென்ட் நிலம். ஆறு படியாக இறங்குகிற சரிவு. மேல் படிகளில் பூண்டு, கீழே கேரட், ஓரமாகக் கொஞ்சம் தேயிலை. தெளிப்புநீர்க் கருவிக்கு முழு மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். "பட்டா நகல் கொண்டுவந்திருக்கீங்களாய்யா?" என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தார். அதில் அவர் பெயரே இல்லை. அவருடைய அப்பாவின் பெயரும், பெரியப்பா, சித்தப்பா என்று இன்னும் ஆறு பெயர்களும் இருந்தன. அந்த ஏழு பேரில் ஆறு பேர் உயிரோடு இல்லை. பட்டாவைச் சரிசெய்ய ஒன்றரை வருடம் ஆனது. பட்டா கைக்கு வந்த பிறகு குழாய் வந்து இறங்க நான்கே மாதம்.

மலைப்பகுதி விவசாயிக்கான திட்டங்களுக்குக் குறைவே இல்லை. நுண்ணீர்ப் பாசனம், இயந்திரம், வட்டியில்லாப் பயிர்க்கடன், காப்பீடு, நிலச்சரிவு நிவாரணம் என்று நிறையவே இருக்கிறது. போய்ச் சேருவதற்குள் கையில் இருக்க வேண்டிய காகிதம்தான் நம்மிடம் இருப்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் காகிதத்தை முதலில் வைத்திருக்கிறேன். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை என்று தமிழ்நாட்டில் எந்த மலையில் இருந்தாலும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

முதல் படி: உங்கள் நிலம் எந்த வகை?

சமவெளியில் இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். மலையில் அப்படி இல்லை. ஒரே ஓடைக்கு இந்தப் பக்கம் ரயத்துவாரி பட்டா (வழக்கமான சொந்தப் பட்டா), அந்தப் பக்கம் வன உரிமை நிலம், அதற்கு மேலே நிபந்தனைப் பட்டா (அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம்) என்று கலந்து கிடக்கும்.

தமிழக அரசின் இணையவழி நிலச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, 'அ' பதிவேடு (கிராமத்து நிலங்களின் விவரப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் பார்க்கலாம். செல்போனிலேயே பாருங்கள். சர்வே எண் தெரியவில்லை என்றால் பழைய பத்திரத்திலோ, கிஸ்தி (நிலவரி) ரசீதிலோ இருக்கும். பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: பட்டாவில் யார் பெயர், பரப்பு எவ்வளவு, நிலம் நன்செய்யா புன்செய்யா.

உங்கள் பெயரில் தனிப் பட்டா இருந்தால் நேராக இரண்டாம் படிக்குப் போய்விடுங்கள்.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது. இறந்துபோனவர்களுக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்க வேண்டும். வாரிசுச் சான்றை இ-சேவை மையம் வழியாகத் தாசில்தார் தருவார். அப்புறம் பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவுசெய்து, 'உட்பிரிவுடன் பட்டா மாறுதல்' என்று விண்ணப்பிக்க வேண்டும். சர்வேயர் வந்து அளந்து புதிய உட்பிரிவு எண் போடுவார். மலையில் இந்த அளவை நாளுக்கு நீங்களே ஆள் வைத்து எல்லையில் உள்ள புதரை வெட்டி, பழைய எல்லைக் கல்லைத் தேடி வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து கல் புதைந்திருக்கும். கல் கிடைக்காமல் சர்வேயர் திரும்பிப் போனால் அடுத்த முறை எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. பனிமூட்டம் பிடிப்பதற்கு முன்னால், காலையிலேயே வரச் சொல்லிக் கேளுங்கள்.

பிரித்துக்கொள்ள முடியாத குடும்பங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சில திட்டங்களில் மற்றப் பங்குதாரர்களின் ஒப்புதல் கடிதத்தோடு, இன்ன பரப்பை இவர்தான் பயிர்செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) தரும் சான்றை ஏற்றுக்கொள்கிறார்கள். எந்தத் திட்டத்துக்கு இது செல்லும் என்று அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பழங்குடி மக்களும், காலங்காலமாகக் காட்டை நம்பி வாழ்கிறவர்களும் பயிர்செய்யும் வன நிலத்துக்கு, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமைச் சான்று கிடைக்கும். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பழங்குடியினர் கையில் இருந்த நிலமாக இருக்க வேண்டும். பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அதிகபட்சம் 4 ஹெக்டேர். விண்ணப்பம் கிராம சபையில்தான் தொடங்கும். தாலுகா அலுவலகத்தில் தொடங்காது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் சான்று தருவார்கள். அந்த நிலத்தை விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். 2012-இல் திருத்தப்பட்ட விதிகளில் 16-ஆவது விதி, உரிமை பெற்றவர்களுக்கு நில மேம்பாடு உள்ளிட்ட அரசுத் திட்டங்கள் போய்ச்சேர வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. "வன நிலம், மானியம் கிடையாது" என்று யாராவது சொன்னால் இந்த விதியின் எண்ணைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கத்து மக்களின் நிலைமை இன்னும் கடினம். ஜென்மிகள் என்ற பழைய நிலக்கிழார்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களுக்குப் பட்டா கிடைக்காமல் பல தலைமுறைகள் காத்துக்கொண்டிருக்கின்றன. நான் அங்கே போகும்போதெல்லாம் மனம் கனத்துத்தான் திரும்புகிறேன். அந்த நிலத்தில் இருப்பவர்கள் நிலப் பட்டா கேட்காத உதவிகளை முதலில் பிடித்துக்கொள்வது நல்லது: பயிற்சி, உழவர் குழு, இடுபொருள் விநியோகம் போன்றவை.

புதிதாக நிலம் வாங்கி மலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைத்தலப் பாதுகாப்பு ஆணையத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்கள் உண்டு. அங்கே விவசாய நிலத்தில் வேறு எதையும் செய்ய அனுமதி தேவை. வாங்குவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இரண்டாம் படி: ஒரு கோப்பு தயார்செய்யுங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி, கீழே சொல்வதை எல்லாம் தலா மூன்று நகல் எடுத்துப் போட்டு வையுங்கள். மலையில் நகல் கடைக்கு ஒரு நடை இறங்கி ஏறினாலே அரை நாள் போய்விடும்.

- பட்டா, சிட்டா, புலப்படம்
- நடப்புப் பசலிக்கான அடங்கல்
- சிறு, குறு விவசாயி சான்று
- ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம்
- சாதிச் சான்று, ஆதிதிராவிடர், பழங்குடியினராக இருந்தால்
- பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கைந்து
- மண் பரிசோதனை அறிக்கை

அடங்கலைப் பலர் லேசாக நினைக்கிறார்கள். இந்தப் பருவத்தில் இந்த நிலத்தில் என்ன பயிர் என்று சொல்வது அதுதான். பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1-இல் தொடங்கும். நம் மலையில் வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் காய்கறி எடுக்கிறோம். கேரட் பிடுங்கிப் பூண்டு நட்டிருப்போம், அடங்கலில் கேரட்டே இருக்கும். காப்பீடு கேட்கும்போதும், யானை புகுந்து அழித்தபின் இழப்பீடு கேட்கும்போதும் இது காலை வாரிவிடும். நட்ட கையோடு வி.ஏ.ஓ.விடம் சொல்லிப் பதியவைத்துவிடுங்கள்.

சிறு, குறு விவசாயி சான்றுதான் முழு மானியத்துக்குச் சாவி. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. நன்செய் என்றால் இந்த அளவு பாதி. மலையில் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிடுவோம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் பார்த்து, தாசில்தார் தருவார்.

இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் என்று 11 இலக்க எண் கொடுக்கிறார்கள். ஆதாரோடு நில விவரத்தையும் இணைத்துத் தரும் எண் இது. பொதுச் சேவை மையத்திலோ, ஊரில் நடக்கும் முகாமிலோ பதியலாம். செல்போனுக்கு ஓடிபி வரும் என்பதால் சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து பதியுங்கள். ஆதாரில் பழைய செல்போன் எண் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

மண் பரிசோதனை அறிக்கை விண்ணப்பத்துக்குக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எடுத்து வையுங்கள். நீலகிரி மண் புளிப்பு மண். அறிக்கையைப் பார்க்காமல் உரத்தைக் கொட்டினால் பாதி பயிருக்குப் போய்ச்சேராது. எவ்வளவு சுண்ணாம்போ டோலமைட்டோ போட வேண்டும் என்று அந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: சரியான வாசல் எது?

சமவெளியில் விவசாயி என்றால் வேளாண்மைத் துறை. மலையில் நம் பயிர்கள் பெரும்பாலும் காய்கறி, பழம், வாசனைப் பொருள், பூ. அதனால் நமக்கு முதல் வாசல் தோட்டக்கலைத் துறைதான். நீலகிரி மாவட்டத்தில் வேளாண்மைத் துறை பார்க்கும் வேலையையும் சேர்த்து அதுவே பார்க்கிறது. உங்கள் ஊருக்கு ஓர் உதவி தோட்டக்கலை அலுவலர் இருப்பார். அவர் பெயரும் எண்ணும் உழவன் செயலியில் கிடைக்கும். ஒருமுறை நேரில் போய் நிலத்தைக் காட்டிப் பழகிக்கொள்ளுங்கள். எந்தத் திட்டத்துக்கு எப்போது நிதி வருகிறது என்று முதலில் தெரிவது அவருக்குத்தான்.

இயந்திரம், சூரியசக்தி பம்ப்செட், மண் அரிப்புத் தடுப்பு என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை. தேயிலை என்றால் குன்னூரில் தேயிலை வாரியம், 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை சிறு தேயிலை விவசாயி. அங்கே பதிவுசெய்து அடையாள அட்டை வாங்காமல் வாரியத்தின் உதவி எதுவும் வராது. காப்பிக்குக் காப்பி வாரியம். ஏலக்காய்க்கு நறுமணப் பொருள்கள் வாரியம். போடிநாயக்கனூரில் அலுவலகமும் மின்னணு ஏலமும் இருக்கின்றன. ஊடுபயிராக மிளகு வைத்திருக்கும் காப்பித் தோட்டக்காரர் இரண்டு மூன்று வாசல்களைத் தட்டலாம், தவறில்லை. ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் மானியம் வாங்க முடியாது.

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை போன்ற இடங்களில் மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. லேம்ப் சங்கம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கடன், உரம், விளைபொருள் கொள்முதல் என்று எல்லாமே அங்கேதான். உறுப்பினராகச் சேர்வது முதல் வேலை.

2025-26 வேளாண் பட்ஜெட்டில் 'மலைவாழ் உழவர் முன்னேற்றத் திட்டம்' என்று தனியாகவே அறிவித்து, 22.80 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சிறுதானியம், காய்கறி, இடுபொருள், நுண்ணீர்ப் பாசனம், சிறு இயந்திரம், மதிப்புக்கூட்டல் என்று பல இனங்கள் அதில் வருகின்றன. தோட்டக்கலை அலுவலரிடம் பேசும்போது இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். "ஏதாவது மானியம் இருக்கா சார்?" என்று கேட்டால் "இப்போ ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் பதில் வரும். பெயரைச் சொல்லிக் கேட்டால் பதிவேட்டைத் திறப்பார்கள்.

நான்காம் படி: நுண்ணீர்ப் பாசனம், நிதானமாகப் பார்ப்போம்

முதல் விண்ணப்பம் எதற்குப் போடலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், ஐந்து ஏக்கர் வரை. மற்றவர்களுக்கு 75 சதவீதம். சொட்டுநீர், தெளிப்புநீர், மழைத்தூவான் எல்லாம் இதில் அடங்கும்.

உழவன் செயலியிலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ பதியலாம். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியல் கொடுப்பார்கள், அதில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவனத்தின் ஆள் வந்து நிலத்தை அளந்து வரைபடமும் விலைப்புள்ளியும் தயாரிப்பார். அலுவலகம் சரிபார்த்து வேலை உத்தரவு கொடுக்கும். அதன்பிறகுதான் குழாய் பதிப்பார்கள். பதித்தபின் அலுவலர் வந்து இருப்பிடத்தோடு படம் எடுத்துப் போவார். மானியம் நிறுவனத்துக்கே நேராகப் போய்விடும்.

வேலை உத்தரவு வருவதற்கு முன்னால் எதையும் வாங்காதீர்கள், எதையும் தோண்டாதீர்கள். அனேகமாக எல்லா மானியத் திட்டத்துக்கும் இது பொருந்தும். "பதிஞ்சாச்சு, பில்லை அப்புறம் கொடுத்துக்கலாம்" என்று அவசரப்பட்டு வாங்கியவர்கள் பணத்தை இழந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், சரிவு நிலத்துக்கான ஒரு விஷயம். அளக்க வருகிற ஆள் சமவெளி வரைபடத்தையே போட்டுக் கொடுத்துவிடும் அபாயம் உண்டு. தண்ணீர் 10 மீட்டர் கீழே இறங்கினால் குழாயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கூடும். மேலிருந்து கீழாகப் பக்கவாட்டுக் குழாயை ஓட்டினால் கீழ்ப் படி சேறாகும், மேல் படி காயும். நான் பார்த்த ஒரு தோட்டத்தில் கீழ் வரிசைப் பூண்டு அழுகி நாற்றமெடுத்தது, மேல் வரிசை இலை நுனி மஞ்சளித்துச் சுருண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவே இருபது அடிதான். ஆகவே பக்கவாட்டுக் குழாய்கள் படியை ஒட்டிக் குறுக்கே, மட்டமாக ஓட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனி வால்வு கேளுங்கள். அழுத்தம் மாறினாலும் ஒரே அளவில் சொட்டும் சொட்டுவான் வகை இருக்கிறது, அதைக் கேளுங்கள். வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதெல்லாம் பேசி முடிக்க வேண்டும். ஒருமுறை மானியம் வாங்கினால் அதே நிலத்துக்கு மறுபடி வாங்க ஏழு வருடம் காத்திருக்க வேண்டும்.

நுண்ணீர்ப் பாசனம் அமைக்கிறவர்களுக்கு மோட்டார், தண்ணீர் கொண்டுவரும் குழாய், தொட்டி ஆகியவற்றுக்கும் துணைத் திட்டத்தில் உதவி இருக்கிறது. ஓடையிலிருந்து மேலே ஏற்ற வேண்டிய நிலம் என்றால் இதையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

இயந்திரமும் மண்ணும்

படி நிலத்தில் டிராக்டர் ஏறாது. களையெடுக்கும் சிறு இயந்திரம், பவர் டில்லர் போன்றவைதான் நமக்கு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 40. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயியாக இருந்தால் மாநில அரசு கூடுதலாக 20 சதவீதம் தருகிறது. வாங்குவதற்கு முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து உங்கள் நிலத்தில் ஓட்டிப் பாருங்கள். எடை அதிகமான இயந்திரத்தைப் படிக்குப் படி தூக்கிவைக்க இரண்டு ஆள் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

நிலத்தைத் திருத்தும்போது கவனம் தேவை. நீலகிரியில் பொக்லைன் இயந்திரத்தை ஆட்சியர் அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். மரம் வெட்டவும் அப்படித்தான்: 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்து மரத்துக்கும் பொருந்தும். சில்வர் ஓக்கைக் கழித்து விற்றுக் கடன் அடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் முதலில் வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.

மண் அரிப்புக்குக் கல் தடுப்பு, வண்டல் குழி போன்றவற்றை எங்கே, எவ்வளவு இடைவெளியில் போடலாம் என்பதற்கு நல்ல ஆலோசனை உதகையிலேயே கிடைக்கிறது. இந்திய மண், நீர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் 1954 முதல் அங்கே வேலைசெய்கிறது. நாற்று, விதை, பயிர் ஆலோசனைக்கு ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன.

ஐந்தாம் படி: கடனும் கைக்காசும்

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணை தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. இதைவிட மலிவான பணம் எங்கேயும் கிடைக்காது. மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அவர் சொன்ன விலைக்கே கேரட்டைக் கொடுக்கிற நிலைமையிலிருந்து வெளியே வர இதுதான் நல்ல கதவு. வங்கியில் உழவர் கடன் அட்டை எடுத்தால் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 ஆகும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. வன உரிமைச் சான்று வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் அந்த நிலத்தை அடமானம் வைக்கவே முடியாது.

பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு கடன் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் விதைச்செலவு அதிகம் என்பதால் அளவும் வேறாக இருக்கும்.

பி.எம். கிசான் உதவி வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான். 2019 பிப்ரவரி 1-க்கு முன்பே நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவர்களுக்குக் கிடையாது. அப்பா, அம்மா இறந்து வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு. வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இல்லை. தவணை நின்றுபோனால் பெரும்பாலும் இகேஒய்சி (இணையவழி ஆதார் சரிபார்ப்பு) முடிக்காததோ, வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததோதான் காரணமாக இருக்கும்.

ஆறாம் படி: அழிவு வந்தால் முதல் மூன்று நாள்

இந்தப் பகுதியை மட்டும் அச்செடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்தாலும் தகும்.

பயிர்க் காப்பீட்டில் தோட்டப் பயிர்களுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம். மீதியை அரசு கட்டும். உங்கள் பிர்காவுக்கு (சில கிராமங்கள் சேர்ந்த குறுவட்டத்துக்கு) எந்தப் பயிர் அறிவிக்கப்பட்டிருக்கிறது, கடைசித் தேதி எது என்று ஒவ்வொரு பருவமும் கேட்க வேண்டும். 2020 காரீஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) முதல் கடன் வாங்கியவர்களுக்கும் கட்டாயம் இல்லை என்பதால், வங்கியே பிடித்துக்கொண்டிருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஊர் முழுக்க விளைச்சல் குறைந்தால் அரசே கணக்கெடுக்கும். ஆனால் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவை உங்கள் நிலத்தை மட்டும் தாக்கினால், 72 மணி நேரத்துக்குள் நீங்கள் சொன்னால்தான் உண்டு. 14447 என்ற எண்ணில் அழைக்கலாம், செயலியிலும் பதியலாம், வங்கியிலும் சொல்லலாம். மலையில் சரிவு வந்த அன்றைக்குத்தான் மின்சாரமும் சிக்னலும் போய்விடும், சாலையும் அடைபடும். எனவே யார் வெளியே போகிறார்களோ அவர்களிடம் உங்கள் காப்பீட்டு எண், சர்வே எண், பயிர் விவரம் எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுத்தனுப்பிப் பதியச் சொல்லுங்கள். சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று, பக்கத்து வீடோ பாறையோ அடையாளம் தெரியும்படி ஒன்று.

காட்டு விலங்குகளால் வரும் பயிர்ச்சேதத்தையும் 2026 காரீஃப் முதல் காப்பீட்டில் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். அதற்கும் 72 மணி நேரக் கெடுதான்.

காப்பீடு எடுக்காதவர்களுக்கும் பேரிடர் நிவாரணம் உண்டு. 33 சதவீதத்துக்கு மேல் பயிர் அழிந்திருக்க வேண்டும். 2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிகளில் மலைக்கென்றே இரண்டு இனங்கள் இருக்கின்றன, நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. நிலச்சரிவில் நிலமே போய்விட்டால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய். மலை நிலத்தில் வந்து விழுந்த கல், மண்ணை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். வி.ஏ.ஓ. பயிர்ச்சேதம் மட்டும் எழுதிக்கொண்டு போவார். "நிலம் போச்சு, கல் விழுந்திருக்கு, அதையும் எழுதுங்க சார்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இங்கேயும் நிலம் உங்கள் பெயரில் வருவாய்ப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

யானை, காட்டுமாடு, காட்டுப்பன்றி புகுந்தால் வனச்சரக அலுவலகத்தில் மனு. வனத்துறை, வி.ஏ.ஓ., தோட்டக்கலை அலுவலர் மூவரும் பார்த்து மதிப்பிடுவார்கள். மதிப்பீடு முடியும்வரை காலடித் தடத்தையும் முறிந்த செடியையும் அப்படியே விட்டுவையுங்கள். கோபத்தில் வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். யானை செத்தாலும் சிறை, பக்கத்து வீட்டுப் பிள்ளை தொட்டாலும் உயிர் போகும். சூரியசக்தி மின்வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் கேளுங்கள். காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால் வனத்துறை அனுமதியையும் வாங்கிவிடுங்கள்.

மனு நகரவில்லை என்றால்

எந்த மனுவைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டோ, நகலில் அலுவலக முத்திரையோ வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். இணையத்தில் பதிந்தால் விண்ணப்ப எண்ணை எழுதிவையுங்கள். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே அறையில் இருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம்: சர்வே எண், திட்டத்தின் பெயர், விண்ணப்ப எண், கொடுத்த தேதி, என்ன வேண்டும். இவ்வளவு போதும். கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள் 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண்ணில் பதியலாம்.

பட்டா, பெயர்த் திருத்தம், பரப்புத் தவறு போன்றவற்றுக்கு வருடத்துக்கு ஒருமுறை கோடையில் வருவாய்த் துறை கிராமக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியை விட்டுவிடாதீர்கள். கிராமக் கணக்கு முழுவதும் அன்றைக்கு மேஜைமேல் இருக்கும். நான் முதலில் சொன்ன பெரியவரின் பட்டா நகர்ந்ததும் அங்கேதான். ஆறு இறப்புச் சான்றையும் வரிசையாக நூல் கட்டிக் கொண்டுபோயிருந்தார்.